எழுத்து வருகிறது, குரல் வரவில்லை

அப்கிரேடு முடிந்து ராஸ்பெரி பை மறுபடி எழுந்துவிட்டது. உலாவியில் ரிசீவர் பக்கம் திறக்கிறது. வாட்டர்ஃபால் எப்போதும்போல் வழிந்துகொண்டிருக்கிறது. எஃப்எம்மில் இரண்டு பேர் ஆன்டெனா உயரத்தைப் பற்றிப் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. சரி, டிஎம்ஆருக்கு மாற்றலாம் என்று போனால் அந்தப் பொத்தானையே காணோம். டி-ஸ்டாரும் இல்லை, ஒய்எஸ்எஃப்பும் இல்லை, என்எக்ஸ்டிஎன்னும் இல்லை. நேற்று இரவு வரை வேலை செய்த நான்கு டிஜிட்டல் குரல் முறைகளும் ஒரே மறுதொடக்கத்தில் மறைந்துவிட்டன.

இந்த இடத்தில் மொட்டைமாடிக்கு ஓடி ஆன்டெனாவைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கேபிளை மாற்றுகிறார்கள், அலையைப் பிடிக்கும் யூஎஸ்பி டாங்கிளைப் புதிதாக வாங்குகிறார்கள். நானும் ஒருமுறை மூன்று மாலைப்பொழுதுகளை டாங்கிளைச் சந்தேகித்தே கழித்தேன். தேவையே இல்லை. அதே அலைவரிசைப் பகுதியில் எஃப்எம் கேட்கிறது என்றால் ஆன்டெனா, கேபிள், டாங்கிள், அதன் டிரைவர் ஆகிய நான்கும் தங்கள் வேலையைச் செய்கின்றன. ஸ்பீக்கருக்கு ஒரு படி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு நிரல்தான் பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். அது ஏன் அப்கிரேடுதோறும் விட்டுப்போகிறது என்று தெரிந்துகொண்டால் அதைத் திரும்பக் கொண்டுவருவது அரை மணி நேர வேலை.

ஓபன்வெப்ஆர்எக்ஸ் என்ற ரிசீவர் மென்பொருளை இந்த அத்தியாயத்தில் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஹங்கேரியைச் சேர்ந்த ஆண்ட்ராஸ் ரெட்ஸ்லர் தொடங்கி, பிறகு ஜெர்மனியைச் சேர்ந்த யாக்கோப் கெட்டர்ல் எடுத்து நடத்தும் திறந்த மூல மென்பொருள் இது. டாங்கிள் வீட்டில் இருக்கும். உலாவி எங்கே இருந்தாலும் கேட்கலாம். ராஸ்பெரி பையில் ஓட்டுவதற்கு நம்மில் பலரும் எடுப்பது இதைத்தான். விண்டோஸில் எஸ்டிஆர்ஷார்ப் வைத்திருப்பவர்களுக்கும் எஸ்டிஆர்ட்ரங்க் வைத்திருப்பவர்களுக்கும் பின்னால் தனியாகச் சொல்கிறேன். முதல் பாதி எல்லோருக்கும் பொது.

குரல் எப்படி எண்ணாகிறது

லேண்ட்லைன் தொலைபேசியின் டிஜிட்டல் இணைப்பு ஒரு குரலுக்கு வினாடிக்கு 64,000 பிட் செலவழிக்கிறது. டிஎம்ஆர் வாக்கிடாக்கிக்கு அந்த வசதி இல்லை. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இரண்டு பேச்சுகளை மாறிமாறி அனுப்ப வேண்டும். மொத்தமே வினாடிக்கு 9,600 பிட். அதற்குள் அழைப்பு எண், நேர ஒத்திசைவு, பிழை திருத்தம் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு குரலுக்கென்று மிஞ்சுவது வினாடிக்கு 2,450 பிட்தான்.

இவ்வளவு சிறிய இடத்தில் ஒலி அலையை அப்படியே அடைக்க முடியாது. ஆகவே அந்த வாக்கிடாக்கி உங்கள் குரலை 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் குரலின் சுருதி என்ன, எந்தெந்த அதிர்வெண் பட்டைகளில் தொண்டை அதிர்கிறது, எவற்றில் வெறும் காற்று சீறுகிறது, ஒவ்வொன்றின் வலு எவ்வளவு என்று கணித்து அந்தக் கணிப்பை 49 பிட்டில் எழுதுகிறது. வினாடிக்கு இப்படி 50 குறிப்புகள். பிழை திருத்தத்துக்கு 1,150 பிட் சேர்ந்து மொத்தம் 3,600. மறுமுனையில் இந்தக் குறிப்புகளைப் படித்து ஒரு குரலைப் புதிதாகக் கட்டுகிறார்கள். வருவது உங்கள் குரலின் பதிவு என்று நினைக்கக் கூடாது. சமையல் குறிப்பை மட்டும் அனுப்பிவிட்டு அந்தப் பக்கம் சமைத்துக்கொள்ளச் சொல்வது போன்ற ஏற்பாடு. சமைக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கம் இல்லையென்றால் குறிப்பு எவ்வளவு சரியாக வந்து சேர்ந்தாலும் பயனில்லை. அந்தச் சமையல்காரர்தான் கோடெக்.

இந்த முறைக்கு எம்பிஇ என்று பெயர். எம்ஐடி பல்கலைக்கழகத்தின் டேனியல் கிரிஃபினும் ஜே லிம்மும் 1988-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதன் வேர். அதிலிருந்து வளர்ந்த ஐஎம்பிஇ, ஏஎம்பிஇ வகைகளை அமெரிக்காவின் டிவிஎஸ்ஐ நிறுவனம் காப்புரிமையோடு விற்கிறது. டி-ஸ்டாரில் இருப்பது ஏஎம்பிஇ. டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன், ஒய்எஸ்எஃப் மூன்றிலும் அதற்கு அடுத்த தலைமுறையான ஏஎம்பிஇ பிளஸ் 2. நீங்கள் வாங்கும் டிஎம்ஆர் கைப்பேசியின் விலையில் பெரும்பாலும் இந்தக் கோடெக்குக்கான உரிமத் தொகை ஒளிந்திருக்கிறது.

இலவச மென்பொருள் எழுதுகிறவர் யாருக்கு உரிமத் தொகை கட்டுவார்? இதற்குச் சுற்றுவழியாக வந்தது எம்பிஇலிப் என்ற லைப்ரரி. எழுதியவர் பெயரை வெளியிடவில்லை. மூல நிரலாக மட்டுமே அதைத் தருகிறார்கள். தொகுக்காத வரை இது ஒரு கோடெக்கைப் பற்றிய எழுத்து விளக்கம் மட்டுமே, கல்விக்கும் பரிசோதனைக்கும் உரியது என்று அதன் உரிமக் குறிப்பு சொல்கிறது. தொகுத்து ஓட வைப்பது உங்கள் பொறுப்பு, உங்கள் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு என்பது அதன் பொருள். ஓபன்வெப்ஆர்எக்ஸ் தரும் தொகுப்புகளில் இந்த மென்பொருள் கோடெக் சேர்ந்து வராததற்கு இதுதான் காரணம். நீங்களோ, உங்களுக்கு நிறுவிக்கொடுத்த நண்பரோ, என்றோ ஒருநாள் அதைக் கையால் தொகுத்துச் சேர்த்திருக்கிறீர்கள். கையால் சேர்த்ததை அப்கிரேடு அறியாது. அது தன் பட்டியலில் இருப்பதை மட்டும் புதுப்பிக்கும்.

ஒரு பழைய மாற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஓபன்வெப்ஆர்எக்ஸின் டிகோடர் பகுதியான டிஜிஹாம் நேராக எம்பிஇலிப்பை அழைத்தது; சில முறைகளுக்கு டிஎஸ்டி என்ற வேறொரு நிரலையும் பயன்படுத்தியது. பிறகு கோடெக்சர்வர் என்ற தனிச் சேவையை நடுவில் வைத்தார்கள். டிஜிஹாம் குறிப்புகளைக் கோடெக்சர்வரிடம் தரும். அது தனக்குக் கீழே இருக்கும் டிரைவர் மூலம் குரலாக்கித் திருப்பித் தரும். அந்த டிரைவர் எம்பிஇலிப்பாக இருக்கலாம், யூஎஸ்பியில் செருகிய ஏஎம்பிஇ சிப்பாகவும் இருக்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய பதிப்பிலிருந்து நேராகத் தாவியவர்களுக்கு எம்பிஇலிப் வட்டில் பத்திரமாக இருந்தும் குரல் போய்விட்டது. அதைக் கேட்க யாரும் இல்லை. கேட்கும் இடம் மாறிவிட்டது. பல வருடங்கள் கைவைக்காமல் ஓட்டிவிட்டு இப்போது அப்கிரேடு செய்கிறவர்களுக்கு இன்றும் இதுவே நடக்கிறது.

எந்தக் கண்ணி அறுந்தது?

கணினியில் எதையும் தட்டச்சு செய்வதற்கு முன்பு திரையை ஐந்து நிமிடம் பாருங்கள். நான்கு விதமான அறிகுறிகள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு கண்ணியைக் காட்டிக்கொடுக்கும்.

பொத்தான்களே இல்லை என்பது முதல் வகை. ஒரு முறைக்குத் தேவையான எல்லாப் பாகங்களும் இருக்கின்றனவா என்று ஓபன்வெப்ஆர்எக்ஸ் தானே சோதிக்கிறது. ஒன்று குறைந்தாலும் அந்த முறையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். உடனே எம்17 பொத்தான் இருக்கிறதா பாருங்கள். டிஎம்ஆர் போய் எம்17 மட்டும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் ஏஎம்பிஇ கோடெக்தான் காணவில்லை. எம்17 வேறு கோடெக்கில் ஓடுகிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். நிர்வாகி கணக்கில் நுழைந்தால் அமைப்புப் பக்கத்தில் வசதி அறிக்கை ஒன்று இருக்கும். அதில் டிஜிட்டல் குரலுக்கான வரியைத் தேடுங்கள். டிஜிஹாம் சரி, கோடெக்சர்வர் ஏஎம்பிஇ தவறு என்று இருந்தால் நோய் உறுதியாகிவிட்டது. டிஜிஹாமே தவறு என்று வந்தால் தொகுப்பு அரைகுறையாக ஏறியிருக்கிறது. அதை மறுபடி நிறுவினால் போதும்.

பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் பேசுகிறவரின் எண்ணும் குழு எண்ணும் திரையில் வருகின்றன, ஒலி மட்டும் இல்லை என்பது இரண்டாவது. இந்த அத்தியாயத்தின் தலைப்பு இதைப் பார்த்து வைத்ததுதான். எழுத்து வருகிறது என்றால் அலை வந்தது, ஒத்திசைவு கிடைத்தது, பிட்டுகள் பிழையின்றிப் பிரிந்தன. சமையல் குறிப்பு முழுசாக வந்துவிட்டது. அடுப்படியில் ஆள் இல்லை. பெரும்பாலும் கோடெக்சர்வர் சேவை எழுந்து, பிறகு விழுந்திருக்கும். ஆனால் அதற்கு முன் இரண்டு எளிய சங்கதிகளைப் பார்த்துவிடுங்கள். டிஎம்ஆர் பலகத்தில் இரண்டு நேரத்துண்டுகளும் தனித்தனியாகத் தெரியும். அவற்றின்மேல் சொடுக்கினால் அந்தத் துண்டு ஊமையாகும். கைபட்டு ஊமையாகியிருக்கலாம். இன்னொன்று, நீங்கள் கேட்கும் பேச்சு மறையாக்கம் செய்யப்பட்டதாக இருக்கலாம். அதை ஓபன்வெப்ஆர்எக்ஸ் திறக்கப்போவதில்லை, நீங்கள் திறக்க முயலவும் கூடாது. நேற்று வரை கேட்ட ஹாம் (அமெச்சூர் வானொலி) பேச்சை வைத்தே சோதியுங்கள்.

மூன்றாவது, பொத்தான் இருக்கிறது, வாட்டர்ஃபாலில் டிஎம்ஆரின் அடர்ந்த பட்டை தெரிகிறது, ஆனால் எழுத்தும் வரவில்லை, ஒலியும் வரவில்லை. இங்கே கோடெக்கைக் குறை சொல்லாதீர்கள். அதிர்வெண் தப்பியிருக்கிறது. மலிவான டாங்கிள்களின் படிகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரைகூடத் தள்ளி நிற்கும். 435 மெகாஹெர்ட்ஸில் 1 பிபிஎம் என்பது 435 ஹெர்ட்ஸ். 50 என்றால் 21.75 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒன்றரைச் சேனலுக்கும் மேல். நீங்கள் என்றோ பார்த்துப் பார்த்துப் போட்டுவைத்த பிபிஎம் திருத்தம், அமைப்புக் கோப்பு புதிதானபோது பூஜ்யமாகியிருக்கும். எஃப்எம் குரல் 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருந்தாலும் காது பொறுத்துக்கொள்ளும். டிஎம்ஆரின் நான்கு நிலைகளோ மையத்திலிருந்து 648 ஹெர்ட்ஸிலும் 1,944 ஹெர்ட்ஸிலும் மேலும் கீழுமாக நிற்கின்றன. அங்கே 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போனால் ஒரு நிலையை இன்னொன்றாகப் படித்துவிடும்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி4 டாங்கிள் வைத்திருப்பவர்கள் இதே இடத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023-ல் வந்த அந்த மாடலுக்குப் பழைய டிரைவர் போதாது. தனி டிரைவரைத் தொகுத்துப் போட்டிருப்பீர்கள். அப்கிரேடு அதன்மேல் களஞ்சியத்தின் பழைய டிரைவரை ஏற்றிவிட்டால் எஃப்எம்மே கேட்காது. அப்போது இந்த அத்தியாயம் உங்களுக்கு வேண்டாம். டிரைவரைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

நான்காவது வகை அபூர்வம். ஒலி வருகிறது, ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குமிழ்கிறது. அலை பலவீனமாக இருக்கலாம், அல்லது அதிர்வெண் சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளியிருக்கலாம். கோடெக் இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

சோதிக்க நிலையான சமிக்ஞை ஒன்று வேண்டும். ரிப்பீட்டரில் யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தால் பொழுது போய்விடும். உரிமம் உள்ள ஹாம்களிடம் எம்எம்டிவிஎம் ஹாட்ஸ்பாட் இருந்தால் வேலை சுலபம். பிராண்ட்மீஸ்டர் என்ற டிஎம்ஆர் வலையமைப்பில் 9990 என்ற எண்ணுக்குத் தனி அழைப்பு போட்டுப் பேசினால் அது உங்கள் குரலையே திருப்பி அனுப்பும். ஹாட்ஸ்பாட் அதை உங்கள் அறைக்குள்ளேயே ஒலிபரப்பும். ரிசீவர் அதைப் பிடிக்கட்டும். பத்து முறை பேசினாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

கோடெக்சர்வரை எழுப்புவது

முதல் இரண்டு வகை என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலில் சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் கோடெக்சர்வர் சேவையின் நிலையைக் கேளுங்கள். இப்படி ஒரு சேவையே இல்லை என்றால் நிறுவ வேண்டும். ஓபன்வெப்ஆர்எக்ஸின் களஞ்சியத்திலேயே அந்தத் தொகுப்பு இருக்கிறது. ஓடுகிறது என்று சொன்னால், அடுத்து அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். அது இடிசி அடைவுக்குள் கோடெக்சர்வர் என்ற பெயரில் இருக்கும். அதில் சாதனங்களுக்கான பகுதியில் எம்பிஇலிப்புக்கோ ஏஎம்பிஇ சிப் உள்ள உங்கள் யூஎஸ்பி குச்சிக்கோ ஒரு பதிவு இருக்க வேண்டும். சேவை ஓடியும் அதன் கீழே ஒரு சாதனமும் இல்லையென்றால் வேலைக்காரர் இல்லாத ஒப்பந்தக்காரரை வைத்திருப்பதற்குச் சமம். அப்கிரேடின்போது பழைய கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று டெபியன் கேட்கும். அவசரத்தில் புதியது என்று சொன்னவர்களுக்கு இந்தப் பகுதி காலியாகியிருக்கும். பழைய கோப்பு அதே அடைவில் டிபிகேஜி-ஓல்டு என்ற வாலோடு கிடக்கும், பதறாதீர்கள்.

பதிவு இருந்தும் டிரைவரை ஏற்ற முடியவில்லை என்று ஜர்னல் பதிவேடு சொன்னால், டெபியனின் பெரிய தாவலைச் சந்தேகியுங்கள். என் அனுபவத்தில் அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். கோடெக்சர்வர் தன் பேச்சுவார்த்தைக்குப் புரோட்டோபஃப் என்ற லைப்ரரியை நம்பியிருக்கிறது. டெபியன் 11-ல் அந்த லைப்ரரியின் எண் 23. டெபியன் 12-ல் அது 32. நீங்கள் 11-ல் தொகுத்த டிரைவர் 23-ஐத் தேடும்; 12-ல் 23 கிடையாது. பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியை வைத்திருப்பது போலத்தான். எல்டிடி கட்டளைக்கு அந்த டிரைவர் கோப்பின் பெயரைக் கொடுத்தால், எந்தெந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்று வரிவரியாகச் சொல்லிவிடும். இதற்கு மருந்து ஒன்றே: டிரைவரைப் புதிய அமைப்பில் மறுபடி தொகுப்பது. பழைய லைப்ரரியை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அது அடுத்த அப்கிரேடில் இன்னும் பெரிதாக உடையும்.

தொகுப்பதற்கு முதலில் எம்பிஇலிப்பின் மூல நிரல் வேண்டும். பிறகு அதைக் கோடெக்சர்வரோடு இணைக்கும் மென்பொருள் டிரைவரின் மூல நிரல் வேண்டும். இரண்டும் வேறு வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். எம்பிஇலிப்பை மட்டும் தொகுத்துவிட்டு இன்னும் குரல் வரவில்லையே என்று தவிக்கிறார்கள். கிட், சிமேக், சி++ தொகுப்பி, புரோட்டோபஃபின் மேம்பாட்டுத் தொகுப்பு, கோடெக்சர்வரின் மேம்பாட்டுத் தொகுப்பு ஆகியவை முன்கூட்டியே இருக்க வேண்டும். வரிசை முக்கியம்: எம்பிஇலிப் முதலில், எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டி அதைக் கணினிக்கு அறிமுகம் செய்வது அடுத்து, டிரைவர் அதன் பிறகு. எல்டிகான்ஃபிக்கை விட்டுவிட்டால் லைப்ரரி கண்ணெதிரே கிடந்தும் கணினிக்குத் தெரியாது. கடைசியாக அமைப்புக் கோப்பில் பதிவைச் சேர்த்துக் கோடெக்சர்வரை மறுபடி தொடங்குங்கள். அது ஓடுகிறது என்று உறுதியான பின்புதான் ஓபன்வெப்ஆர்எக்ஸை மறுபடி தொடங்க வேண்டும். சோதனையின் முடிவை அது நினைவில் வைத்துக்கொள்ளும். மறுபடி தொடங்காவிட்டால் எல்லாம் சரியான பின்பும் பொத்தான் வராமல் இருக்கலாம்; அதைப் பார்த்துவிட்டு மறுபடி எல்லாவற்றையும் கலைத்துவிடாதீர்கள்.

யூஎஸ்பி குச்சி வைத்திருப்பவர்களுக்கு

தம்ப்டிவி போன்ற குச்சிகளுக்குள் டிவிஎஸ்ஐயின் சிப்பே இருக்கிறது. உரிமத் தொகை சிப்பின் விலையில் அடங்கிவிட்டது. மனச்சாட்சி உறுத்தாமல் கேட்க இதுவே நேர்வழி என்பது என் கருத்து. குரலும் எம்பிஇலிப்பைவிட இயல்பாக இருக்கும். விலைதான் டாங்கிளைவிடப் பல மடங்கு.

அப்கிரேடுக்குப் பின் இதில் வரும் கோளாறுகள் வேறு மாதிரி. குச்சி ஒரு சீரியல் போர்ட்டாகத் தெரியும். வேறொரு யூஎஸ்பி சாதனம் முந்திக்கொண்டால் பூஜ்யமாக இருந்த அதன் எண் ஒன்றாகிவிடும். அமைப்புக் கோப்பு பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். சாதனத்தின் அடையாளத்தை வைத்து நிரந்தரப் பெயர் தரும் பாதை ஒன்று லினக்ஸில் உண்டு. சீரியல், பை-ஐடி என்ற அடைவுக்குள் பாருங்கள். அந்தப் பாதையை எழுதிவைத்தால் இந்தத் தொல்லை தீரும். கோடெக்சர்வர் ஓடும் பயனர் டயல்அவுட் குழுவில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். வேக எண் குச்சியின் பதிப்பைப் பொறுத்தது. தவறாக இருந்தால் குச்சி பதிலே சொல்லாது. தம்ப்டிவி ஒரு நேரத்தில் ஒரு குரலைத்தான் கட்டும். உங்களுக்குக் கேட்டு, அதே ரிசீவரில் வேறு டிஎம்ஆர் பேச்சைத் திறந்த நண்பருக்குக் கேட்காவிட்டால் அது கோளாறு இல்லை.

விண்டோஸ், எஸ்டிஆர்ட்ரங்க்

எஸ்டிஆர்ஷார்ப்பிலிருந்து ஒலியை மெய்நிகர் கேபிள் வழியாக டிஎஸ்டி பிளஸுக்கு அனுப்பிக் கேட்பவர்களுக்குக் கோடெக் தொலைவதில்லை. டிஎஸ்டி பிளஸுக்குள்ளேயே அது இருக்கிறது. அவர்களுக்குப் பாதைதான் மாறும். புதிய பதிப்பு ஒலி வெளியீட்டை மறுபடி ஸ்பீக்கருக்குத் திருப்பியிருக்கும். மெய்நிகர் கேபிளைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, ஒலிப் பலகத்தில் ஃபில்டர் ஆடியோ என்ற கட்டத்தில் குறி விழுந்திருக்கிறதா பாருங்கள். மனிதக் காதுக்காக ஒலியை மழுக்கும் வடிகட்டி அது. டிகோடருக்கு வேண்டியது மழுக்காத ஒலி. குறியை எடுத்த அந்த நொடியே டிஎஸ்டி பிளஸ் பேச ஆரம்பிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிளக்-இன் வழியாகக் கேட்பவர்களுக்கு நிலைமை வேறு. எஸ்டிஆர்ஷார்ப் பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கை விட்டு டாட்நெட் 5-க்கும் அதற்கு மேலும் போனபோது பழைய பிளக்-இன்கள் ஏறாமல் போயின. புதிய பதிப்புக்கு ஏற்ற பிளக்-இன் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்கிரேடு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் பழைய பதிப்பைத் தனி அடைவில் வைத்திருங்கள். எஸ்டிஆர்ஷார்ப்பை நிறுவத் தேவையில்லை. இரண்டு அடைவுகள் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் வாழும்.

எஸ்டிஆர்ட்ரங்கிலும் அதே காப்புரிமைக் கதைதான். ஜேஎம்பிஇ என்ற லைப்ரரியை அது தன்னோடு கொடுக்காது. உங்கள் கணினியிலேயே தொகுத்துக்கொள்ள ஒரு கருவியைத் தரும். விருப்பங்கள் பக்கத்தில் அந்தக் கோப்பின் பாதை இருக்கும். அடைவை நகர்த்தியிருந்தாலோ ஜேஎம்பிஇ பழசாகிவிட்டாலோ அழைப்புகள் பட்டியலில் ஓடும், குரல் இருக்காது. அங்கேயே புதிதாகத் தொகுத்துக்கொள்ளலாம்.

அடுத்த அப்கிரேடுக்கு முன்

டெபியன் எதை எப்போது மாற்றியது என்பதை ஏபிடி தன் வரலாற்றுப் பதிவில் நாள் நேரத்தோடு எழுதிவைக்கிறது. குரல் போன நாளன்று அந்தப் பதிவைத் திறந்தால் குற்றவாளியின் பெயர் பழைய பதிப்பு எண்ணோடும் புதிய பதிப்பு எண்ணோடும் கிடைக்கும். அந்தத் தொகுப்பை மட்டும் பழைய பதிப்புக்கு இறக்கி, ஹோல்டு போட்டு நிறுத்திவைக்கலாம். தற்காலிக மருந்தாக மட்டும் இதைக் கொள்ளுங்கள். ஓபன்வெப்ஆர்எக்ஸின் 8073-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் பழைய பதிப்பில் உட்கார்ந்திருப்பது ஆபத்து. கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பூட்டைப் பழுதுபார்க்க மறுப்பதற்குச் சமம் அது.

கையால் தொகுத்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். என்ன, எந்தத் தேதி, எந்த வரிசை, அமைப்புக் கோப்பில் என்ன சேர்த்தீர்கள், பிபிஎம் எண் என்ன என்பவை போதும். ராஸ்பெரி பைக்குள்ளேயே கோப்பாக எழுதிவைத்தால் கார்டு போகும்போது குறிப்பும் போய்விடும். காகிதத்தில் எழுதுங்கள்.

எம்17 ஏன் தப்பித்தது என்று சொல்வதாக வாக்களித்திருந்தேன். போலந்து நாட்டு ஹாம் வோய்ச்செக் காச்மார்ஸ்கி 2019-ல் தொடங்கிய முறை அது. அதன் குரல், ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோ எழுதிய கோடெக்2-ல் ஓடுகிறது. காப்புரிமைக் கட்டணம் இல்லை. மூல நிரல் முழுவதும் திறந்திருக்கிறது. லினக்ஸ் களஞ்சியங்கள் எந்தத் தயக்கமுமின்றி அதை வைத்திருக்கின்றன. ஆகவே அப்கிரேடு வரும்போது கோடெக்2-வும் கூடவே புதுப்பிக்கப்படுகிறது. யாரும் கையால் எதையும் தொகுக்க வேண்டியதில்லை. எம்17 கைப்பேசிகள் இன்னும் கடையில் குவிந்து கிடக்கவில்லை, பேசுகிறவர்களும் குறைவு. இருந்தாலும் ஹாம் வானொலி என்பது தானே செய்து, தானே திறந்து பார்த்துக் கற்கும் கலை. அதில் குரலின் நடுவே திறக்க முடியாத ஒரு பெட்டி இருப்பது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கிளப்பில் அடுத்த டிஜிட்டல் ரிப்பீட்டர் பற்றிப் பேச்சு வரும்போது எம்17-ஐயும் மேசைமேல் வையுங்கள்.

அதுவரை டிஎம்ஆரையும் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். இப்போது உங்கள் ரிசீவரில் குரல் கேட்கிறதா? அப்படியானால் இன்றிரவே ராஸ்பெரி பையை அணைத்து, மெமரி கார்டை வெளியே எடுத்து, இன்னொரு கார்டில் முழுப் பிரதி எடுங்கள். பிரதி எடுத்ததோடு விடாமல் அதைச் செருகி எழுப்பி, ஒரு டிஎம்ஆர் குரலைக் காதால் கேட்டு உறுதி செய்யுங்கள். பிறகு கார்டின்மேல் தேதியை எழுதி ஒட்டி, அப்கிரேடைத் தொடங்குங்கள்.